முதிர்வு தேதி இல்லாத முதிர்ச்சி

வங்கியில் ஒரு லட்சம் ரூபாயை 5 ஆண்டு நிரந்தர வைப்பில் போட்டால் கையில் ஒரு ரசீது தருவார்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று பணம் போட்ட தேதி. மற்றது முதிர்வு தேதி. இடையில் பணம் போட்டவர் தூங்கினாலும் விழித்திருந்தாலும், உள்ளூரில் இருந்தாலும் வெளியூர் போனாலும், அந்தத் தேதி வந்தே தீரும். வட்டியும் சேர்ந்தே தீரும். காலம் நகர்ந்தால் போதும், மற்றதை வங்கி பார்த்துக்கொள்ளும். காமர்ஸ் படிக்கும் யாருக்கும் இது முதல் வருடப் பாடம்.

கிறிஸ்தவ வாழ்க்கையையும் பலர் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த தேதி ஒன்று இருக்கிறது, அல்லது மனந்திரும்பிய தேதி ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஆண்டுகளை எண்ணத் தொடங்குகிறார்கள். சாட்சி சொல்ல எழுந்தால் "25 வருஷ விசுவாசி" என்பதுதான் முதல் வார்த்தை. கேட்கிறவர்களும் அந்த எண்ணுக்கு மரியாதை கொடுக்கிறார்கள். ஆண்டுகள் ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் ஆள் வளர்ந்திருக்கிறாரா?

ஆவிக்குரிய முதிர்ச்சி என்று சபைகளில் சொல்லப்படும் அந்த விஷயத்துக்கு முதிர்வு தேதி கிடையாது. காலம் போனதாலேயே அது வந்துவிடாது. அது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடமும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அல்ல. திங்கட்கிழமை காலை தொடங்குகிற ஆறு நாட்கள்தான் அந்த இடம். திருவள்ளூர் மாவட்டத்தில், அதிலும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் கிறிஸ்தவர்களுக்கு இது வெறும் வேதபாட விவாதம் இல்லை. அடுத்த மனிதனின் சம்பளமும் மானமும் இதில் அடங்கியிருக்கின்றன.

பால் குடிக்கும் வயது

புதிய ஏற்பாட்டில் முதிர்ச்சிக்கும் பூரணத்துக்கும் ஒரே கிரேக்கச் சொல் வருகிறது. தெலெயோஸ் என்பது அந்தச் சொல். குறை ஒன்றும் இல்லாதது என்பது மட்டும் அதன் பொருள் இல்லை. போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்தது, வயதுக்கு வந்தது, ஆளானது என்ற பொருளும் அதற்கு உண்டு. தமிழ் வேதாகமத்தில் பூரணம் என்று படிக்கும்போது பலர் பயந்துபோகிறார்கள். "அது பரிசுத்தவான்களுக்கு, சாதாரண ஜனங்களுக்கு இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆளாவது என்று படித்தால் பயம் குறையும். பிறந்த குழந்தை எல்லாமே ஆளாகத்தான் பிறக்கிறது.

எபிரெயர் நிருபத்தின் 5-ம் அதிகாரக் கடைசியில் ஒரு கடிந்துகொள்ளுதல் இருக்கிறது. இத்தனை காலத்துக்கு இவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கிறவர்களாக ஆகியிருக்க வேண்டும், ஆனால் இன்னமும் இவர்களுக்கே அரிச்சுவடி சொல்லித்தர வேண்டியிருக்கிறது, இன்னமும் பாலையே கேட்கிறார்கள் என்கிறார் எழுதியவர். வைப்புத் தொகைக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. காலம் போயிருக்கிறது, முதிர்வு வரவில்லை.

குழந்தை பால் குடிப்பது குற்றமில்லை. 6 மாதக் குழந்தைக்குப் பிரியாணி கொடுப்பவர்தான் குற்றவாளி. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் உற்சாகத்தையும் ஆறுதலையும் தேடுவதில் ஒரு தவறும் இல்லை. 20 வயதிலும் பால் புட்டியோடு அலைவதுதான் பிரச்சினை. இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் உண்டு. ஊரே புட்டியோடு இருந்தால் அது பிரச்சினையாகவே தெரியாது. அதுதான் இயல்பு என்று ஆகிவிடும்.

முதிர்ந்தவர் யார் என்பதையும் அதே பகுதி சொல்கிறது. நன்மை எது, தீமை எது என்று பிரித்தறியும் புலன் பயிற்சியால் கூர்மையானவர். பயிற்சி என்ற வார்த்தை முக்கியம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு மெஷினில் நிற்கும் பையனுக்கு முதல் மாதம் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. இரண்டு வருடம் நின்ற பிறகு, பேரிங் போகப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அது புத்தகம் கொடுத்த அறிவு அல்ல, தினம் நின்று கேட்டதால் வந்தது.

வருகைப் பதிவேட்டில் அகப்படாதவர்கள்

சபைகள் முதிர்ச்சியை எதை வைத்து அளக்கின்றன? யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு அளவுகோல் இருக்கத்தான் செய்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறாரா? சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு? கன்வென்ஷன் மூன்று நாளும் உட்கார்ந்தாரா? டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கினாரா? நீண்ட ஜெபம் பண்ணத் தெரியுமா? இதில் எல்லாம் டிக் விழுந்தால் அவர் தேறினவர்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தால் என்ன ஆகும்? மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை வழியாக வரும் மின்சார ரயிலில் அதிகாலையிலேயே ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டு வருகிறார்கள். சிப்காட்டில் உருட்டாலைகளும் மற்ற தொழிற்சாலைகளும் ஞாயிறு என்று பார்த்து நிற்பதில்லை. உலை அணைந்தால் மறுபடி சூடேற்றுவதற்கு ஆகும் செலவு பெரிது. வார விடுமுறை சிலருக்குச் செவ்வாய், சிலருக்கு வியாழன். இரவு ஷிப்ட் முடித்து ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறவர் ஆராதனையில் உட்கார்ந்தால் பிரசங்கத்தின் பாதியில் தலை சாய்ந்துவிடும். வருகைப் பதிவேடுதான் அளவுகோல் என்றால், இவர் ஆயுள் முழுக்கப் பால் குடிக்கும் குழந்தைதான்.

அது நியாயமா? 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். பெரிய படிப்பு இல்லை. காலில் ஊனம். மடத்தின் சமையலறையில் பாத்திரங்களோடு பல ஆண்டுகள், பிறகு செருப்புத் தைக்கும் வேலை. அடுக்களைச் சத்தத்தின் நடுவிலும் ஜெப வேளையில் இருப்பது போலவே கடவுளோடு இருக்க முடியும் என்பதுதான் அவர் கண்டுகொண்டது. அவர் 1691-ல் இறந்தார். அவருடைய கடிதங்களும் பேச்சுக்களும் சிறு நூலாகி, 300 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் படிக்கப்படுகின்றன. அந்த மடத்தில் அவரைவிட அதிக நேரம் ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

கூட்டங்கள் வேண்டாம் என்பது வாதம் இல்லை. கூட்டம் சாப்பாட்டுப் பந்தி மாதிரி. எத்தனை பந்தியில் உட்கார்ந்தார் என்பதை வைத்து ஒருவர் பலசாலியா என்று சொல்ல முடியாது. மூட்டை தூக்கும்போதுதான் தெரியும்.

யாக்கோபின் நான்கு கேள்விகள்

அப்படியானால் எதை வைத்துப் பார்ப்பது? புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் என்று 5 அதிகாரத்தில் ஒரு சிறிய கடிதம் இருக்கிறது. முதல் அதிகாரத்திலேயே பூரணத்தைப் பற்றிப் பேசித் தொடங்கும் கடிதம். அதே கடிதம் ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்து லாபம் பார்க்கத் திட்டமிடுகிறவர்களைப் பற்றியும் பேசுகிறது, கூலியைப் பற்றியும் பேசுகிறது. தொழிற்பேட்டைக்காகவே எழுதினது போல இருக்கும். அதிலிருந்து நான்கு கேள்விகளை எடுக்கலாம்.

முதல் கேள்வி: அடி விழும்போது என்ன ஆகிறார்?

சோதனை பொறுமையை உண்டாக்கும், பொறுமை தன் வேலையைச் செய்து முடித்தால் மனிதன் பூரணமாவான் என்பது யாக்கோபின் வரிசை (1:2-4). இதற்கு இந்தியாவில் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வாகனத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 6 வயது. அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடவில்லை. பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைச் சில ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

அந்த மன்னிப்பு அந்த ஒரு நாளில் முளைத்திருக்க முடியாது. பல வருடங்கள் யாருக்கும் தெரியாமல் புண்களைக் கழுவிக் கட்டிய வாழ்க்கையில் அது மெல்ல மெல்ல ஊறியிருக்க வேண்டும். சோதனை வந்த நாளில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். பரீட்சைக்கு முந்தின இரவு படித்துப் பாஸ் செய்யக்கூடிய பாடம் இல்லை இது.

இரண்டாம் கேள்வி: யாரை எங்கே உட்கார வைக்கிறார்?

பொன் மோதிரமும் நல்ல உடுப்புமாக ஒருவரும், அழுக்குத் துணியோடு ஒரு ஏழையும் ஆலயத்துக்குள் வருவதை யாக்கோபு படம்பிடித்துக் காட்டுகிறார் (2:1-4). ஒருவருக்கு நாற்காலி, மற்றவருக்குத் தரை என்றால் அந்த விசுவாசத்தில் கோளாறு இருக்கிறது என்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் தோற்ற பரீட்சை இதுதான். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-ல். முதல் தமிழ்க் குருவான ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733-ல். அதற்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, 1833-ல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். இன்றும் தமிழ்ச் சபைகள் பாடுகிற பாடல்களைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட இந்த விஷயத்தில் சாதி வழக்கத்தைக் காக்கும் பக்கமே நின்றார். அவருடைய புலமையையும் பக்தியையும் யாரும் சந்தேகிக்க முடியாது. வேதனையே அதுதான். பாட்டு உச்சத்தில் இருக்கும்போதே பந்தியில் பாகுபாடு இருக்க முடிந்திருக்கிறது. 1706-லிருந்து 1833 வரை 127 ஆண்டுகள். காலம் மட்டும் போதுமென்றால் அதற்குள் எத்தனை தலைமுறைகள் முதிர்ந்திருக்க வேண்டும்!

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வரும் இளைஞர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். சோட்டா நாக்பூர் பகுதியில் 1845-லிருந்து லுத்தரன் மிஷன் உண்டு, கத்தோலிக்கச் சபையும் பெரியது. ஊரில் பாடகர் குழுவில் நின்றவன் இங்கே பத்துப் பேர் தங்கும் ஒரே அறையில் படுத்து எழுகிறான். ஞாயிறு ஓய்வு கிடைத்தால் தமிழ் ஆராதனையின் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறான். ஒரு வார்த்தையும் புரியாது. முடிந்ததும் அவனிடம் யாராவது பேசுகிறார்களா? பெயராவது கேட்கிறார்களா? அல்லது "ஹிந்திக்காரப் பையன்" என்று சொல்லி நகர்கிறார்களா? யாக்கோபின் கேள்வி 2-ம் அதிகாரத்தோடு முடிந்துபோகவில்லை.

மூன்றாம் கேள்வி: நாக்கு எப்படி?

பேச்சில் தவறாதவன் எவனோ அவனே பூரண மனிதன் என்பது யாக்கோபின் நேரடியான விளக்கம் (3:2). அந்நிய பாஷை பேசுகிறவரையோ கண்ணீரோடு ஜெபிக்கிறவரையோ அவர் அந்த இடத்தில் குறிப்பிடவில்லை. கட்டுப்பட்ட நாக்கைத்தான் குறிப்பிடுகிறார். ஒரே வாயால் கடவுளைத் துதிப்பதும், அவர் சாயலில் உண்டான மனிதனைச் சபிப்பதும் சரியில்லை என்று தொடர்கிறார்.

ஷாப் ஃப்ளோரில் இதற்குப் பொருள் இருக்கிறது. டார்கெட் எட்டாத நாளில் சூப்பர்வைசர் தனக்குக் கீழே இருப்பவனிடம் எப்படிப் பேசுகிறார்? கல்லூரியில் கேலிக்கு ஒருவன் அகப்பட்டால் என்ன நடக்கிறது? சபைத் தேர்தல் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் என்ன சுற்றுகிறது? வசனம் அனுப்புகிற அதே விரல்தான் அவதூறையும் ஃபார்வர்ட் செய்கிறது. முதிர்ச்சியை அளக்க லேப் டெஸ்ட் தேவையில்லை. ஒரு வாரத்து மெசேஜ்களை மேலிருந்து கீழ்வரை படித்தால் போதும்.

நான்காம் கேள்வி: கூலி கொடுத்தாயிற்றா?

இது 5-ம் அதிகாரம் 4-ம் வசனம். வயலில் உழைத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதில் விழுந்துவிட்டது என்கிறார். பூரணத்தில் தொடங்கிய கடிதம் கூலியில் வந்து நிற்கிறது. இடையில் தடம் மாறிவிட்டதா? இல்லை. அவருக்கு இரண்டும் ஒரே விஷயம்.

இந்தக் கேள்விக்கு இந்தக் கடற்கரையில் 400 ஆண்டு வரலாறு உண்டு. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு ஆராதனை உண்டு, போதகர் உண்டு. 1630-களில் அங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், இந்த மண்ணின் சமயங்களைப் பற்றி நூல் எழுதும் அளவுக்குப் படித்தவர். அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பத்தாவியாவுக்கும் மற்ற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பஞ்சத்திலும் போரிலும் சிக்கியவர்களை மலிவாக வாங்க முடிந்தது. ஞாயிறு சங்கீதம், வாரநாளில் சரக்குப் பட்டியல். இரண்டும் ஒரே கோட்டைச் சுவருக்குள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே அழகான செதுக்கு வேலைப்பாட்டோடு நிற்கின்றன. விற்கப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

அது அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியுமா? 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 2011-ல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளோடு சேர்த்து, மீட்கப்பட்டார்கள். மீட்பில் மாவட்ட நிர்வாகத்தோடு நின்றது இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு. அந்தக் கிறிஸ்தவர்கள் அன்று செய்தது முதிர்ந்த விசுவாசத்தின் வேலை. ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கு அந்த 500 பேர் இருப்பது எத்தனை ஞாயிறுகளாகத் தெரியாமல் இருந்தது?

சூளை வரைக்கும் போக வேண்டாம். ஒரு லேபர் காண்டிராக்டரை நினைத்துப் பாருங்கள். சபையில் கமிட்டி மெம்பர், பண்டிகைக்குப் பெரிய நன்கொடை. ஆனால் அவரிடம் வேலை செய்கிறவர்களுக்கு ஓவர்டைம் பணம் இரண்டு மாதம் பாக்கி. பி.எஃப். என்று பிடித்த தொகை கட்டப்படவில்லை. அவர் தசமபாகம் சரியாகக் கொடுக்கிறார் என்பதால் கணக்கு நேராகிவிடுமா? பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டி, கொடுக்க வேண்டிய கடனை மறைத்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா?

வாங்கும் கை, கொடுக்கும் கை

முதிர்ச்சிக்கு இன்னொரு அடையாளம் உண்டு. குழந்தை வாங்கும். ஆளானவர் கொடுப்பார். தனி மனிதனுக்கு மட்டுமல்ல, ஒரு சபைக்கே இது பொருந்தும். எபேசியர் 4-ம் அதிகாரம் முதிர்ச்சியைப் பேசும்போது எல்லோரும் சேர்ந்து ஒரே பூரண மனிதனாக வளர்வதைப் பேசுகிறது. தனித்தனியாகப் பட்டம் வாங்குவதைப் பேசவில்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வே.ச. அசரியா. 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திருக்காமல், தங்கள் சொந்தக் காசில் வேறு இடங்களுக்கு ஊழியர்களை அனுப்பி வந்தார்கள். அது அவரைக் குத்தியது. திருநெல்வேலிச் சபையோ யாழ்ப்பாணத்தைவிடப் பெரியது, பழமையானது. ஆனால் வாங்கியே பழகியிருந்தது. திரும்பி வந்த அடுத்த ஆண்டே, 1903-ல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். பிறகு அவரே நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு கற்றார். ஒரு தமிழர் தெலுங்கு மக்களுக்கு ஊழியரானார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார்.

தோர்ணக்கல்லில் அவர் வைத்த பழக்கம் ஒன்று. ஞானஸ்நானம் பெறுகிறவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஏழைகள், தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, நற்செய்தியைச் சொல்லும் கடமை தமக்கு உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், நேற்று வந்தவர் என்று யாரையும் வெறும் வாங்குகிறவராக அவர் வைக்கவில்லை. வந்த நாளிலேயே கொடுக்கும் கையாக நினைக்கச் சொன்னார்.

1910-ல் எடின்பரோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய உலக மிஷனரி மாநாட்டிலும் அவர் பேசினார். மேல்நாட்டுச் சபைகள் பெரிய தியாகங்கள் செய்திருக்கின்றன, ஆனால் இந்தியர்கள் கேட்பது நட்பை என்றார். தானம் கொடுப்பது எளிது. சமமாகப் பக்கத்தில் உட்கார்வதற்குத்தான் முதிர்ச்சி வேண்டும். 1945 ஜனவரி 1-ல் அவர் இறந்தார். அவர் நெடுங்காலம் உழைத்த சபை ஐக்கியம், 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது.

அந்த யாழ்ப்பாணத்தின் பிள்ளைகளுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1990-லிருந்து இங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் அது ஒன்று. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்தவர்கள் அங்கே உண்டு. ஒரு காலத்தில் ஈழத்துச் சபை தமிழ்நாட்டுச் சபைக்குக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தது. கிறிஸ்துமஸ் கேக்கும் பழைய துணியும் கொண்டுபோய்ப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு அந்தக் கடன் தீர்ந்துவிடாது. அசரியா கேட்டது நட்பை. அவர்களும் அதையே எதிர்பார்க்கலாம்.

கிருபை எங்கே போயிற்று?

இவ்வளவையும் படிக்கும் ஒரு விசுவாசி எதிர்க்கேள்வி கேட்பார். "இரட்சிப்பு கிருபையால்தானே? இதெல்லாம் கிரியைகள். கிறிஸ்தவத்தைத் தொழிலாளர் சட்டமாக மாற்றுகிறீர்களா?"

நியாயமான கேள்விதான். லுத்தரும் இதற்காகத்தான் போராடினார். யாக்கோபு நிருபத்தை அவர் அவ்வளவாக விரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் கிருபையால் இரட்சிப்பு என்று சொல்லும் எபேசியர் 2-ம் அதிகாரமே, அடுத்த வரியில், நற்கிரியைகளுக்காகவே மனிதர் உருவாக்கப்பட்டார்கள் என்கிறது. பிறப்பு யாருடைய சம்பாத்தியமும் இல்லை. குழந்தை உழைத்துப் பிறப்பதில்லை. அதற்காக வளராமல் இருக்கலாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். கிருபை பிறப்புக்கும் வேண்டும், வளர்ச்சிக்கும் வேண்டும். வளர்ந்ததற்கு அடையாளம் கேட்பது கிருபையை மறுப்பது ஆகாது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. இந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு மார்க் போடக் கிளம்புகிறவர் இன்னும் குழந்தைதான். பவுல் பிலிப்பியர் 3-ம் அதிகாரத்தை எழுதும்போது சிறையில் இருந்தார். கிறிஸ்துவைச் சந்தித்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தான் இன்னும் அடைந்துவிடவில்லை, பின்னானவற்றை மறந்து முன்னே ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் அவர் எழுதுகிறார். அடுத்த மூச்சிலேயே, தேறினவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்க வேண்டும் என்கிறார். வந்துசேரவில்லை என்று அறிந்து ஓடுகிறவர்தான் தேறினவர். நிறைகுடம் தளும்பாது என்று தமிழிலும் சொல்வதுண்டு.

முயற்சி என்றால் எது?

2 பேதுரு முதல் அதிகாரத்தில் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. விசுவாசத்தோடு தொடங்கி ஏழு விஷயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறது. தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. கவனித்தால் ஒன்று புரியும். ஞானம் இரண்டாவதாகவே வந்துவிடுகிறது. அதிலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். வேதவினா போட்டியில் முதல் பரிசு வாங்கியதும் படிப்பு முடிந்துவிட்டதாக நினைப்பு. ஆனால் பட்டியல் அன்பில் போய்த்தான் முடிகிறது.

அதற்காகப் பெரிய சாதனை எதுவும் வேண்டாம். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் கரி படிந்த சட்டையோடு வருகிறவருக்கு முன்வரிசையில் இடம் விடலாம். வேலைநாளில் ஷிப்ட் நேரத்துக்குத் தகுந்தபடி ஒரு ஆராதனை நேரத்தைச் சபை யோசிக்கலாம். ஒடியா பேசும் பையனின் பெயரைக் கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். கோபத்தில் தட்டிய மெசேஜை அனுப்பாமல் அழிக்கலாம். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் மாதக் கடைசியில் காணிக்கைக் கவரை நிரப்புவதற்கு முன், கீழே இருப்பவர்களின் சம்பளக் கவரை நிரப்பலாம். கல்லூரி முடித்து நாளை கணக்குப் பிரிவில் உட்காரப்போகும் மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வேலை செய்த நாட்களைக் குறைத்து எழுதச் சொல்லி மேலிருந்து ஒரு நாள் சொல்லப்படலாம். அன்று அந்தப் பேனா என்ன செய்யும் என்பதற்கான பயிற்சி இன்றே தொடங்கியாக வேண்டும்.

யாரும் கைதட்டாத வேலைகள் இவை. சாட்சி நேரத்தில் சொல்ல முடியாதவை, சொன்னால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு சபை வளர்ந்திருக்கிறதா என்று அதன் பாஸ்டரிடமோ கமிட்டியிடமோ கேட்க வேண்டியதில்லை. அந்தச் சபையார் வீட்டில் வேலை செய்கிறவரையும், அவர்களுக்குக் கீழே மெஷினில் நிற்கிறவரையும், கடைசி வரிசையில் மொழி புரியாமல் உட்கார்ந்திருப்பவரையும் கேட்டால் போதும். அவர்களுக்குச் சரியாகத் தெரியும்.